முப்பதடி ஆவுளியா

பிப்ரவரி 6, வியாழன்

இந்த டைரி என் பந்தல் கடைக்குப் பாத்திரம் போடுகிற கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. இதுவரை எழுதியதில்லை. என் அனுபவத்துக்கு ஒரு டைரி போதாது என்பதுதான் காரணம். இந்தப் பயணத்தை மட்டும் எழுதி வைக்கலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

திண்டுக்கல்லில் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வண்டி ஓட்டியது நிரஞ்சன் மாப்பிள்ளை, என் அக்கா மகள் தமயந்தியின் புருஷன். வழி சொன்னது நான். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் பறவைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை தொண்டிக்குத் தெற்கே ஓடக்கழி என்ற மீன்பிடி ஊரில் ஒரு வாரம். அனுபவஸ்தர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று என்னைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். தமயந்தி போனில் சொன்ன வாசகம்: "கடையைப் பையன்கிட்ட குடுத்துட்டு வீட்ல சும்மாதானே மாமா இருக்கீங்க, வாங்களேன்." கெஞ்சல் குரலில் இருந்தது.

தேவகோட்டைக்கு முன்னால் ஓர் இடத்தில் வழி மாறி இருபது கிலோமீட்டர் போய்விட்டோம். தவறு அல்ல. அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி உண்டு, மாப்பிள்ளைக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அங்கே கல்யாண மண்டபம் இருந்தது.

நான் ஹெலிகாப்டருக்குப் பந்தல் போட்ட கதையைத் தமயந்தி வழியில் மாப்பிள்ளைக்குச் சொன்னாள். "நாலாம் வகுப்புல இதை அப்படியே போய்ச் சொன்னேங்க. டீச்சர் என்னைப் பெஞ்சு மேல ஏத்திட்டாங்க. அந்த வருஷம் முழுக்க என் பேரே ஹெலிகாப்டர்." இருவரும் சிரித்தார்கள். அது நடந்த விஷயம்தான். ஹெலிகாப்டர் வரும் என்றார்கள், பந்தல் போட்டோம், ஹெலிகாப்டர் வரவில்லை. பந்தல் போட்டது போட்டதுதானே. பெஞ்சு விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும்.

தங்கியிருப்பது ஜெசிந்தா என்ற அம்மா வீட்டில். வெளியூர்க்காரர்களுக்கென்று இரண்டு அறை கட்டி விட்டிருக்கிறார்கள். புருஷன் பெயர் சூசை. அதிகம் பேசாதவர். ஜெசிந்தா மோர் கொண்டுவந்து கொடுத்து, "கடல்ல போயிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டாள். "கப்பல்லயே போயிருக்கேம்மா" என்றேன். கன்னியாகுமரியில் கரையிலிருந்து பாறைக்குப் போகிற கப்பல். கப்பல் கப்பல்தான்.

எதிரே பள்ளிக்கூடச் சுவரில் சீல் மாதிரி, பன்றி மாதிரி ஒரு மிருகத்தைச் சாம்பல் வண்ணத்தில் வரைந்து, கீழே "கடல்பசுவைக் காப்போம்" என்று எழுதியிருக்கிறது. இந்த ஊரில் அதற்கு ஆவுளியா என்று பெயராம்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் கழிமுகத்துச் சேற்றில் பூநாரை பார்த்தோம். ரோஸ் நிறம், நீளக் கால், தலையைக் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. பதினோராயிரம் இருக்கும் என்றேன். "இருநூத்திப் பதினாலு மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் தொலைநோக்கி வழியாக எண்ணினார், நான் வெறும் கண்ணால் எண்ணினேன். அதுதான் வித்தியாசம்.

மாப்பிள்ளைக்கு இன்னும் கிட்டத்தில் நல்ல இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்று நான் முன்னால் நடந்தேன். சேறு ஓர் ஆள் ஆழம். கழுத்துவரை போன நிலையிலும் நான் பதறவில்லை. கூட வந்த சூசை பலகையைப் போட்டு இழுத்தார். மாப்பிள்ளை எடுத்த படத்தில் முழங்கால்வரைதான் சேறு தெரிகிறது. படம் எடுத்த கோணம் சரியில்லை. இடது செருப்பு வரவில்லை.

பூநாரைகள் எல்லாம் பறந்துவிட்டன. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல குணம்.

மத்தியானம் நண்டுக் குழம்பு. ஜெசிந்தா வலையில் பிடித்ததாம். ஆம்பளைகள் ஆழத்துக்குப் போகிறார்கள். கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில், தண்ணீருக்கு அடியில் புல் முளைத்துக் கிடக்கிற இடத்தில், இந்த ஊர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் நண்டு வலை போடுகிறார்கள். கடலுக்குள் புல் இருக்கும் என்பது எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும் என்று சொன்னேன்.

பிப்ரவரி 8, சனி

இன்று கடலுக்குள் போனோம். சூசையின் வள்ளம். வள்ளம் என்றால் மோட்டார் வைத்த நாட்டுப்படகு. ஜெசிந்தாவும் வந்தாள், வலை எடுக்க. போகிற வழியில் ஒரு மணல்திட்டில் தமயந்தியையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டோம். அங்கே ஆலா என்கிற கடல்பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. நான் வள்ளத்திலேயே இருந்துகொண்டேன். இவர்கள் இருவரும் தனியாக வலை எடுக்கக் கஷ்டப்படுவார்கள் என்று ஓர் எண்ணம்.

காலையில் சாப்பிட்ட இடியாப்பம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மூன்று கம்பு நட்ட ஓர் இடத்தில் மோட்டாரை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் வள்ளத்தின் அடியில் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கடலின் சத்தத்தை ஆராய்ந்தேன்.

திரும்பிப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டோம். ஏறியதும் தமயந்தி, "என்ன மாமா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றாள். வாந்தி எடுத்ததைச் சொல்லலாம். சொன்னால் மாப்பிள்ளை அடுத்த தடவை என்னைக் கரையிலேயே விட்டுவிடுவார்.

"பார்க்கக் கிடைக்காத ஒண்ணைப் பார்த்தா வெளுக்காதா?" என்றேன்.

"எதை?"

"ஆவுளியா."

மாப்பிள்ளை கேமராவைக் கீழே வைத்துவிட்டார். "மாமா, நிஜமாவா? நாலு வருஷமா இதுக்காக இந்தக் கடற்கரை பூரா சுத்துறேன்."

தாயும் குட்டியும் என்றேன். பத்தடி நீளம். தாய் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது, பிறகு குட்டியை அணைத்துக்கொண்டு முங்கியது. துண்டின் இழை வழியாக என் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சூசை மோட்டாரைப் போடப் போனவர் போடாமல் நின்றார். ஜெசிந்தா கூடையில் நண்டைக் கொட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். என் பேச்சில் இருவரும் அசந்துபோய்விட்டார்கள்.

தமயந்தி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா. ரீல் இல்லையே?"

"உங்கம்மா மேல சத்தியம்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையிடம், "இது நிஜம்தாங்க. அம்மா மேல மாமா சத்தியம் பண்ணவே மாட்டாரு" என்றாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கடல்காற்று கண்ணைக் கரிக்கும்.

மாப்பிள்ளை என்னை மறுபடி சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து, தன் இயற்கை ஆர்வலர் குரூப்பில் போட்டார். இரண்டாவது தடவை சொன்னபோது இன்னும் நன்றாக வந்தது. இரவுக்குள் நானூறு பேர் கேட்டுவிட்டார்களாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இங்கே ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். சட்டை துவைத்தேன்.

சாயங்காலம் ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டே, "அண்ணே, அத எந்த எடத்துல பார்த்தீங்க?" என்று கேட்டாள். கடலில் எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். மூணு கம்புக்குக் கிழக்கே என்றேன். அரிவாள்மனை நின்றது.

"அந்த எடத்த வேற யார்ட்டயும் சொன்னீங்களா?"

"மாப்பிள்ளை பதிவு பண்ணினாரே, அதுல தெளிவாச் சொல்லியிருக்கேன்."

ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

என்னைப் பார்க்க ஆள் வந்தது. பெயர் பிரதாப். நாற்பது வயது இருக்கும், தேய்த்த வெள்ளைச் சட்டை. ஊருக்கு வடக்கே கட்டிக்கொண்டிருக்கிற நீலக்கழி ரிசார்ட்டுக்கு மேனேஜர். பழக்கூடையோடு வந்தார். கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு, எனக்கு மாலை மரியாதைதான் பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்க வாய்ஸைக் கேட்டேன் சார். நாலு தடவை கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

இருக்கும் என்றேன்.

ரிசார்ட்டில் மத்தியானச் சாப்பாடு போட்டுத் திட்டத்தைச் சொன்னார். ஆறு வேகப்படகு வாங்கப் போகிறார்கள். ஆவுளியா சவாரி என்று பெயர். நான் சொன்ன மூன்று கம்பு இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை எந்நேரமும் இரண்டு படகாவது சுற்றிக்கொண்டே இருக்கும். வருகிறவர்கள் ஏமாறக் கூடாது அல்லவா. பணம் போடுகிற பங்குதாரர்கள் சென்னையிலிருந்து புதன்கிழமை வருகிறார்கள். மிருகம் உண்டு என்று தெரிந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

"இந்த ஊர்க்காரங்களை ரெண்டு வருஷமா கேக்குறேன் சார். அப்படி ஒண்ணைக் கண்ணால பார்த்ததே இல்லைன்னு ஒரே வாயாச் சொல்றாங்க. நீங்க வெளியூர். பெரிய மனுஷர். நீங்க நேர்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

படகுத்துறையில் பெரிய போர்டு வைப்பார்களாம். என் போட்டோவும், "முதலில் கண்டவர்: வீரபத்திரன், திண்டுக்கல்" என்ற எழுத்தும். நீலச் சட்டையா கட்டம் போட்டதா என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இத்தனை படகு வந்தா அதுக்குத் தொந்தரவுதான் மாமா. ஆனா ஜனங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே காப்பாத்துவாங்க. நான் பார்த்தாக்கூட உடனே போட்டுடுவேன்" என்றார். தமயந்தி என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். சின்னப் பிள்ளையில் என் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து வருவாள், அப்போது இருந்த முகம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தமயந்தியும் மாப்பிள்ளையும் ஏதோ கண்மாயில் கூழைக்கடா பார்க்க விடியுமுன்னே போய்விட்டார்கள். ஜெசிந்தா வந்து, "அண்ணே, வள்ளத்துல ஏறுங்க, ஒரு எடத்துக்குப் போவம்" என்றாள். இடியாப்பம் சாப்பிடாமல் ஏறினேன். கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி அசையாமல் கிடந்தது.

மூன்று கம்புப் பக்கம் போனதும் சூசை மோட்டாரை நிறுத்தினார். ஜெசிந்தா சொன்னாள்: "அன்னிக்கு நீங்க ஒண்ணும் பார்க்கலண்ணே. துண்டு மூஞ்சில கெடந்துச்சு. வாந்தியக் கழுவிவிட்டது நாந்தான்."

நான் இடியாப்பத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"இடியாப்பத்த விடுங்க. வீட்டுல சாப்புட்டுக்கிட்டிருக்கவுகள நாலு பேரு முன்னாடி பொய்யின்னு சொல்லக் கூடாதுன்னு அன்னிக்கு வாய மூடிக்கிட்டேன். ஆனா நீங்க சும்மா சொன்ன எடம் இருக்கே, அது அங்கதான் இருக்கு. எங்களுக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல."

தண்ணீர் வற்றிய நேரம். இறங்கச் சொன்னாள். இடுப்பளவு. குனிந்து பார்த்தால் அடியில் பச்சைப் புல் வயல் மாதிரி விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே ஒரு முழ அகலத்துக்குப் புல்லே இல்லாமல் வெள்ளை மணலாக ஒரு பாதை, வளைந்து வளைந்து போனது. ஆடு மேய்ந்த மாதிரி.

"இது நேத்து மேய்ஞ்ச தடம்" என்றாள் ஜெசிந்தா. "புல்லத் தவிர எதையும் தொடாது. மீனத் தொடாது, நண்டத் தொடாது. கேட்டா பூதம் மாதிரி சொல்வாக, அப்படியெல்லாம் இல்ல. ரெண்டு ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கம்மி. காது வெளிய தெரியாது. சத்தம் போட்டு நாம கேட்டதில்ல. பாவப்பட்ட சீவன். புதுத் தடம் பார்த்தா அன்னிக்கு அந்தப் பக்கம் வலை போட மாட்டோம். வலையில சிக்குனா மேல வர முடியாம மூச்சு முட்டிச் செத்துரும்."

"அப்போ ஏன் யாரும் பார்த்ததே இல்லைங்கறீங்க?"

"பார்த்தவுக பார்த்தேன்னு சொல்றதில்லண்ணே. எங்க ஊருல அப்புடித்தான். தடத்தக் காட்டுவோம், பார்த்ததச் சொல்ல மாட்டோம். நான் எத்தன தடவ பார்த்திருக்கேன்னு இவருக்குத் தெரியாது. இவரு பார்த்தது எனக்குத் தெரியாது. ஒருத்தர் வாயில வந்தா ஊர் வாயிலயும் வந்துரும். பெறகு அது இங்க இருக்காது."

சூசை கம்பை ஊன்றியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு படகு இங்க சுத்துனா புல்லு போயிரும். மோட்டார் காத்தாடியில மாட்டி வலை அறுந்துரும். எங்க இருபத்திரெண்டு பேரு வீட்டு அடுப்பும் இந்தத் தண்ணியாலதான் எரியுது. அதுவும் போயிரும், இதுவும் போயிரும்."

நாளைக்கு ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அக்கா மேல் சத்தியம் செய்திருக்கிறேன், மாப்பிள்ளை முன்னால் செய்திருக்கிறேன், அவருக்கு நான் யார், தமயந்திக்கு நான் யார் என்றெல்லாம் கொஞ்ச நேரம் பேசினேன். ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள்.

சூசை வாயைத் திறந்தார். "இவரு இப்ப இல்லன்னு சொன்னாலும் எடுபடாது. நாமதான் மெரட்டிட்டோம்பான் அந்த மேனேசரு. இருக்கப் போய்த்தான் மறைக்கிறாகன்னு இன்னும் கெட்டியாப் புடிச்சுக்குவான்."

வள்ளத்தில் ஏறி, தண்ணீர் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். வெயில் முதுகில் இருந்தது. மூன்று பேரும் மூச்சு விடுவது தனித்தனியாகக் கேட்டது. பிறகு நான்காவதாக ஒரு மூச்சு கேட்டது.

எத்தனை அடி என்று கணக்குப் போடத் தோன்றவில்லை.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

நீலச் சட்டை போட்டுக்கொண்டேன்.

ரிசார்ட்டில் பெரிய ஓலைக்குடில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். பந்தல்காரன் கண்ணுக்கு அதில் நாலு குறை தெரிந்தது, சொல்லவில்லை. முன்னால் சென்னைப் பங்குதாரர்கள் மூன்று பேர். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஓர் அம்மா, நரைத்த கிராப்பு, மூக்குக்கண்ணாடி, மடியில் நோட்டு. ஊர்க்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்னால் நின்றார்கள். அதில் ஜெசிந்தாவும் சூசையும். இரண்டாவது வரிசையில் தமயந்தி, மாப்பிள்ளை. மாப்பிள்ளை போனில் படம் பிடிக்கத் தயாராக இருந்தார்.

பிரதாப் என்னை அறிமுகம் செய்தார். திண்டுக்கல்லின் முக்கியப் பிரமுகர், கடல் அனுபவம் உள்ளவர் என்றார். நான் சொல்லிக் கொடுத்ததுதான். பிறகு என் குரல் பதிவைப் போட்டார். அந்தக் கண்ணாடி அம்மா குறிப்பு எடுத்துக்கொண்டார்.

"பத்தடி, தாயும் குட்டியும். படிச்சதோட பொருந்துது" என்றார். "நீங்களே நேர்ல சொல்லுங்க. என்ன பார்த்தீங்க?"

எழுந்து நின்றேன். நேற்று ஜெசிந்தா சொன்னது அத்தனையும் வரிசையாக நினைவில் இருந்தது. ஒவ்வொன்றையும் தலைகீழாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கலையில் எனக்கு இருக்கிற பயிற்சி வேறு யாருக்கும் கிடையாது.

"முதல்ல ஒரு திருத்தம்மா. பத்தடின்னு பதிவுல சொன்னது குட்டி. தாய் முப்பதடி."

"முப்பதா?"

"வாலை விட்டுட்டு."

போனைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்தார்கள். பிரதாப் சிரித்தபடியே, "சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறார்" என்றார்.

"அது என்ன செஞ்சுட்டிருந்தது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சாப்பிட்டுட்டிருந்ததும்மா. வாயில ஒரு சீலா மீன், என் கை நீளம். கடிச்சு எலும்பை மட்டும் தனியாத் துப்புச்சு. மிச்சத்தைக் குட்டிக்குக் குடுத்தது."

"மீன் சாப்பிட்டதா?"

"மீனு, நண்டு, எது கிடைச்சாலும். எங்க வள்ளத்துல இருந்த நண்டுக் கூடையையே எட்டிப் பார்த்தது. நான்தான் துண்டால அடிச்சு விரட்டினேன்."

பின்னால் ஊர்க்காரர்கள் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் இன்னொருவருக்கும் தொற்றியது.

"காது இருந்ததா?"

"யானைக்கு இருக்கிற மாதிரி. அதை விரிச்சுத்தான் நீந்துது. அதுல காத்து பட்டு ஒரு சத்தம் வரும் பாருங்க, நாதஸ்வரத்துல சீவாளி போட்ட மாதிரி. தந்தம் சின்னதுதான். ஆனா வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. முன்ன ஒரு தடவை ஹெலிகாப்டர்லேர்ந்து பார்த்தப்போ இதே இனம்தான்னு நினைக்கிறேன்."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, சிரிப்புச் சத்தம். சிரிக்கும்போது ஊர்க்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பங்குதாரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரதாப் முகம் சட்டையை விட வெளுத்திருந்தது.

கண்ணாடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். "பிரதாப், ரெண்டு வருஷமா இந்த ஊர்ல விசாரிச்சு, கடைசியில இவரை நம்பித்தான் ஆறு படகு வாங்கச் சொன்னீங்களா?" என்றார். பிரதாப் என்னமோ சொல்ல வந்தார். "வேண்டாம். மிருகம் இல்லாத இடத்துல படகு எதுக்கு? ஹோட்டலை மட்டும் பாருங்க" என்று எழுந்துவிட்டார். போகிற போக்கில் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கெட்டிக்கார அம்மா. ஏதாவது கேட்பாரோ என்று இருந்தது. கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பிரதாப் என் அருகே வந்து, "உங்களை நம்பினேன் சார்" என்றார். நிறையப் பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், பழக்கம்தான்.

மாப்பிள்ளை போனைப் பையில் போட்டுக்கொண்டு முன்னாலேயே வெளியே போயிருந்தார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட வேண்டும் என்று தமயந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. தமயந்தி என் பக்கம் திரும்பவில்லை. நான் கிட்டே போனேன்.

"அம்மா மேல சத்தியம் பண்ணினீங்க மாமா."

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "நான் முப்பத்தோரு வயசுலயும் அதே பெஞ்சு மேல நின்னுட்டிருந்தேன் இப்போ. அதுதான்."

சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் தமயந்தி புருஷனிடம் எதையும் மறைக்காதவள், மாப்பிள்ளை பார்த்த உடனே போட்டுவிடுகிறவர். எனக்கு வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

ராத்திரி அவர்கள் இருவரும் அறையிலேயே சாப்பிட்டார்கள். எனக்கு ஜெசிந்தா அடுப்படியில் இலை போட்டாள். கேட்காமலே நண்டு வைத்துக்கொண்டே இருந்தாள். சூசை எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தந்தம் எத்தன கிலோண்ணே இருக்கும்?" என்று கேட்டார்.

"சோடி ஒரு பன்னெண்டு கிலோ வரும்" என்றேன்.

"அவ்வளவுதானா" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டோம். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் அவசரமாம்.

வழி சொல்லவில்லை. அவர் போனில் பார்த்து ஓட்டினார். நான் பின் சீட்டில். தமயந்தி முன்னால். தேவகோட்டைவரை பாட்டு ஓடியது.

அதைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். டீ ஆற்றுகிறவர் நல்ல பேச்சுக்காரர். வண்டிமேல் கட்டியிருந்த பையையும் கேமரா ஸ்டாண்டையும் பார்த்துவிட்டு, "கடக்கரையில இருந்து வாறீகளோ? எத்தன நாளு?" என்று என்னைத்தான் கேட்டார். ஒரு வாரம் என்றேன்.

"ஒரு வாரமா? அப்ப கடலுக்குள்ள எல்லாம் போயிருப்பீகளே. என்ன பெரியவரே பார்த்தீக?"

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பினார். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள், ஊசி போடும்போது மூடுகிற மாதிரி.

"தண்ணிதான்" என்றேன். "நல்ல காத்து."

டீ ஆற்றுகிறவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அடுத்த டம்ளரை எடுத்தார். பேப்பர் மறுபடி மேலே போனது.

டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தேன். தமயந்தி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்லை" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

வண்டி கிளம்பும்போது முன் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திண்டுக்கல் வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.